கீழ்வீட்டில் சாமி

பீ-ஷியா அக்காவின் குரலுக்கு, கீலுங் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் சந்தில் மைக் தேவைப்பட்டதில்லை. இருபத்தேழு வருடம் பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில், கொதிக்கும் அண்டாக்களின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய குரல். நாலாவது மாடி ஜன்னலிலிருந்து "அ-யிங், கடையில கூட்டமா?" என்று கேட்டால், எதிர்ச்சாரியில் என் முடி அலங்காரக் கடையில் தலையில் நுரையோடு உட்கார்ந்திருக்கும் வாடிக்கைக்காரியே பதில் சொல்லிவிடுவாள்.

அந்தக் கட்டடத்தில் அக்காவுக்கு இரண்டு வீடுகள். நாலாவது மாடியில் அவளும் கணவர் யுங்-ஃபாவும் இருந்தார்கள். கீழ்வீடு மாமியாருடையது. மாமியார் போன பிறகு அதைப் பூட்டி வைக்க மனமில்லாமல் லூ என்பவருக்கு வாடகைக்கு விட்டாள். லூ ச்சின்-தூ ஆழ்கடல் மீன்பிடிப் படகில் வலை இழுத்தவர். தனி ஆள். ஒரு பை, ஒரு மின்சாரச் சோற்றுப்பானை, ஒரு மடக்குக் கட்டில், இவ்வளவுதான் அவர் கொண்டுவந்தது. கை விரல்கள் இரண்டு பாதியில் நின்றிருக்கும். அதிகம் பேசமாட்டார்.

குடிவந்த இரண்டாவது மாதம் அந்த முன்னறையில் அவர்மேல் சாமி வந்தது. வந்தவர் மூன்றாம் இளவரசர். நெருப்புச் சக்கரங்களின்மேல் நின்று, கையில் ஈட்டி பிடித்த குழந்தைச் சாமி. ஐம்பது வயது மீனவர் மழலைக் குரலில் பேசி, மிட்டாய் கேட்டு, எங்கள் சந்தில் ஒருத்தியின் காணாமல்போன தங்கச் சங்கிலி துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் கிடப்பதாகச் சொன்னார். கிடந்தது. அவ்வளவுதான், ஆறு மாதத்துக்குள் முன்னறை கோயிலாகிவிட்டது. சிவப்பு விளக்குகள், பீடம், ஊதுபத்திக் கலசம், பீடத்தின் முன்னால் ஜனங்கள் கொண்டுவந்து குவித்த பொம்மைக் கார்களும் மிட்டாய்ப் பொட்டலங்களும். புதன், ஞாயிறு மதியங்களில் வாசலில் செருப்புகள் வரிசை கட்டும். பரீட்சை, வேலை, ஓடிப்போன நாய், ஓடிப்போன புருஷன், எல்லாவற்றுக்கும் குறி சொல்வார் லூ.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. புகை நாலாவது மாடிவரை வரும், துணியெல்லாம் சந்தன வாசனை அடிக்கும். "இருக்கட்டும், சாமிதானே" என்பாள். பதினோரு வருடம் இப்படிப் போயிற்று. வாடகை ஒருநாள் தவறியதில்லை. இதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததற்கு லூவைப் போக்கிரி என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு அக்டோபர் காலை யுங்-ஃபா அண்ணன் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். துறைமுகத்தில் முப்பது வருடம் பாரந்தூக்கி ஓட்டிய மனிதர். ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வலது கை, வலது கால் வராமல் வீடு திரும்பினார். வீடு என்றால் எழுபத்திரண்டு படிகளுக்கு மேல். லிஃப்ட் கிடையாது. வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போயாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் சந்து டாக்ஸி ஓட்டுநரும் காலைப் பலகாரக் கடைக்காரரும் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறதே, சில வாரம் வருவார்கள், சில வாரம் முடியாது.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே கீழே போய்க் கேட்டாள். நானும் கூட இருந்தேன்.

"லூ குருவே, ஜனவரியோட நம்ம ஒப்பந்தம் முடியுது. இந்தத் தடவை புதுப்பிக்க வேணாம். அவருக்குக் கீழ்வீடு வேணும். உங்களுக்கு நான் வேற இடம் பாத்துத் தர்றேன். எங்க பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு வீடு காலியா இருக்கு."

லூ தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். "எனக்கு ஆட்சேபணை இல்லை, வீட்டுக்காரம்மா. ஆனா இளவரசரைக் கேக்கணும்."

"கேளுங்க. நல்லாக் கேளுங்க."

மூன்றாம் நாள் வந்து பதில் சொன்னார். சாமியின் பதிலைக் கேட்டுத் தரையில் போடுகிற ஜோடிப் பிறைக்கட்டைகளை மூன்று முறை போட்டாராம். மூன்று முறையும் மாட்டேன் என்று விழுந்ததாம்.

"இளவரசர் அசைய மாட்டேங்கறாரு, வீட்டுக்காரம்மா. நான் என்ன பண்ண?"

அக்கா சிரித்துவிட்டாள். குழந்தைச் சாமிதானே, இன்னொரு முறை கேட்டால் சரி சொல்லும் என்று நினைத்தாள். ஜனவரி முடிந்தது. பிப்ரவரி வந்தது. லூ நகரவில்லை. வழக்கம்போல் ஒன்றாம் தேதி வாடகையை அக்காவின் கணக்கில் போட்டார். அக்கா அதைத் திருப்பி அனுப்பினாள். அவர் மறுபடி போட்டார்.

வேறு வீடு பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தாள். லிஃப்ட் உள்ள கட்டடங்களாகப் பார்த்து ஒன்பது வீடுகள் ஏறி இறங்கினாள். ஃபோனில் எல்லோரும் வாங்க வாங்க என்றார்கள். சக்கர நாற்காலி என்று சொன்னதும் குரல் மாறும். ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "உள்ளேயே ஏதாவது ஆயிட்டா அப்புறம் அந்த வீட்டுக்கு யாரு வருவா?" அன்று என் கடைக்கு வந்து உட்கார்ந்த அக்கா, கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு, "எனக்குச் சொந்தமா ரெண்டு வீடு இருக்கு, அ-யிங். எம் புருஷனுக்கு ஒரு ரூம் கிடைக்கல" என்றாள்.

நான்தான் கெட்ட யோசனை சொன்னேன். "அவர் சந்தைக்குப் போற நேரமாப் பாத்து பூட்டை மாத்திடுங்கக்கா."

"வக்கீலைக் கேட்டேன். அப்படிப் பண்ணா நான்தான் குத்தவாளியாம்."

"தண்ணியையாவது அடைங்க."

"அதுவும் குத்தம்தான். ஒழுங்கா வழக்குப் போடுன்னு சொல்லிட்டாரு."

வழக்குக்கு முன்னால் சமரசப் பேச்சுக்கு ஒரு நாள் கொடுத்தார்கள். சமரசம் பேச வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். லூவைப் பார்த்து, சட்டப்படி நீங்கள் போயாக வேண்டும் என்று கறாராக ஆரம்பித்தார். லூ அமைதியாக, "எனக்கு ஒண்ணும் இல்லைங்க. மூன்றாம் இளவரசர்கிட்ட நீங்களே வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்றார். அந்த மனிதர் பேனாவை மூடி வைத்துவிட்டார். டீ குடித்துவிட்டு எல்லோரும் கலைந்தார்கள்.

அதற்குப் பிறகு சந்து இரண்டாகப் பிரிந்தது. குறி கேட்டுப் பலன் கண்டவர்கள் அக்காவோடு பேச்சை நிறுத்தினார்கள். காய்கறிக்காரி சாங், அக்கா காதில் விழும்படியே சொன்னாள்: "சாமியைத் துரத்தற வீட்ல ஏன் நோவு வராது?"

அக்கா கையிலிருந்த முள்ளங்கியைக் கீழே வைத்தாள். "நோவு அக்டோபர்ல வந்துச்சு. நான் போகச் சொன்னது நவம்பர்ல. உங்க சாமி முன்கூட்டியே தண்டிக்கற சாமியா?"

சாங் கீரைக்குத் தண்ணீர் தெளிக்கத் திரும்பிக்கொண்டாள். ஆனால் அக்கா அன்று காய் வாங்காமல் வந்துவிட்டாள். மூன்று தெரு தள்ளிப் போய் வாங்க ஆரம்பித்தாள்.

ஜூன் மாதம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து மழை. கீலுங்கில் மழை பெய்தால் படிக்கட்டுச் சுவர்கள் வேர்க்கும், படிகள் வழுக்கும். டாக்ஸிக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கீழே விட்டுவிட்டு, அடுத்த சவாரிக்கு அவசரமாகப் போய்விட்டார். பலகாரக் கடைக்காரர் ஊரில் இல்லை. அக்கா தானே அண்ணனின் இடுப்பில் துணிப் பட்டையைக் கட்டி, படிப்படியாக ஏற்ற ஆரம்பித்தாள். முதல் திருப்பத்தில் அண்ணனின் இடது கால் வழுக்கியது. இரண்டு பேரும் ஆறு படி உருண்டார்கள்.

சத்தம் கேட்டு நான் தெருவைக் கடந்து ஓடுவதற்குள் லூ வெளியே வந்துவிட்டார். அண்ணனின் நெற்றியில் ரத்தம். எலும்பு எதுவும் முறிந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், படகில் பழகிய கை. அப்புறம் குனிந்து, "ஏத்துங்க" என்றார். நானும் அக்காவும் அண்ணனை அவர் முதுகில் ஏற்றினோம். லூவுக்கு அறுபத்திரண்டு வயது. எழுபத்திரண்டு படிகளையும் இரண்டே இடத்தில் நின்று ஏறினார். கட்டிலில் இறக்கிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இரைத்தார். அண்ணன் கோணிய வாயால் நன்றி என்று சொல்ல முயன்றார்.

அக்கா ஒரு தம்ளர் தண்ணீரை லூவிடம் நீட்டினாள்.

"இவ்வளவு பண்றீங்களே குருவே. அந்த வீட்டை மட்டும் விட மாட்டீங்களா?"

லூ தண்ணீரைக் குடித்து முடித்தார். "முதுகு என்னுது, வீட்டுக்காரம்மா. இடம் அவரோடது."

அவர் கீழே இறங்கிப் போன பிறகு அக்கா அந்தத் தம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அது எவர்சில்வர், உடையவில்லை. உருண்டுபோய் அண்ணனின் நாற்காலிக்கு அடியில் நின்றது. அண்ணன் சிரித்தார். பக்கவாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்று. லூ ஒரு விசாரணைக்குக்கூடப் போகவில்லை. நவம்பரில் நீதிமன்றத்து ஆட்கள் வந்து அவர் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். டிசம்பர் பதினேழாம் தேதி காலை பத்து மணி. அதற்குள் தாமாகப் போகாவிட்டால் போலீஸ் துணையோடு அப்புறப்படுத்தப்படுவார். லூ அந்த நோட்டீஸைக் கிழிக்கவில்லை. அதன் மேல் மந்திரம் எழுதிய ஒரு மஞ்சள் தாயத்துக் காகிதத்தை ஒட்டினார்.

பதினேழாம் தேதி காலை மழையில் கண்ணாடி போட்ட இளம் பெண் அதிகாரி ஒருத்தி கோப்போடு வந்தாள். இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு பூட்டுத் திறப்பவர், லாரியோடு பொருள் தூக்கும் ஆட்கள் நான்கு பேர். ஆட்களை ஏற்பாடு செய்தது அக்காதான், அது வழக்குப் போட்டவர் பொறுப்பு. அவர்களின் மேஸ்திரி பெயர் கூன். வெற்றிலைப் பாக்கு மென்று சிவந்த வாய்.

கதவு பூட்டியிருக்கவில்லை. தள்ளியதும் திறந்தது. உள்ளே பீடத்தின் பக்கவாட்டில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் லூ உட்கார்ந்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவே சமையல் எரிவாயு சிலிண்டர். இடது கை வால்வின் மேல். வலது கையில் லைட்டர்.

"உள்ள வராதீங்க" என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார்.

போலீஸ்காரர் ஒருவர் ஒரு அடி வைத்தார். லூ வால்வைக் கால் சுற்றுத் திருப்பினார். சீறல் வாசல்வரை கேட்டது. போலீஸ்காரர் பின்வாங்கினார். உடனே எல்லாம் வேகமாக நடந்தது. மேல்மாடிக்காரர்களை இறங்கச் சொன்னார்கள். கட்டடத்தின் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். தீயணைப்பு வண்டிக்குச் சொன்னார்கள். கீழ்வீட்டு வாசலைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். நாலாவது மாடியிலிருந்து யுங்-ஃபா அண்ணனை யார் இறக்குவது? ஒரு போலீஸ்காரர் ஓடினார். தனியாக முடியாமல் பாதி மாடியில் கூப்பிட்டார். கூனின் ஆட்களில் இருவர் போய்த் தூக்கிவந்தார்கள். அண்ணனை என் கடைக்குள் வைத்தோம்.

அதிகாரி வாசலில் நின்று பேசிப் பார்த்தாள். தள்ளிப்போடலாம், மனு கொடுக்கலாம், இன்னொரு மாதம் தரலாம் என்றாள். லூவின் கை வால்விலிருந்து எடுபடவில்லை. அவள் மேஸ்திரியிடம் திரும்பி, அவரை வெளியே கொண்டுவந்துவிட்டால் பொருளையெல்லாம் எவ்வளவு நேரத்தில் எடுப்பீர்கள் என்று கேட்டாள்.

கூன் தலையைச் சொறிந்தார். "மேடம், கட்டில், பீரோ எல்லாம் எடுப்போம். சாமியைத் தொட மாட்டோம்."

"அது ஒரு மரப்பொம்மைங்க."

"உங்களுக்கு. நாங்க தினம் கனம் தூக்கறவங்க. கால் மேல ஏதாவது விழுந்தா யாரைக் கேக்கறது?"

அப்போதுதான் அக்கா கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். போலீஸ்காரர் கையைப் பிடித்தார். "அம்மா, நீங்க எங்க போறீங்க?"

"என் வீட்டுக்கு."

அவர் தடுப்பதற்குள் வாசற்படி தாண்டிவிட்டாள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கதவு விரியத் திறந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது. எரிவாயு வாடை எனக்கே வந்தது. ஒன்று கவனித்தேன். அந்தப் பீடத்தில் பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக ஊதுபத்தி புகையவில்லை. மெழுகுவத்தியும் இல்லை. தான் நினைக்கிற நேரத்துக்கு முன்னால் பற்றிவிடக் கூடாது என்று அணைத்து வைத்திருக்கிறார். மிரட்டுவதற்காக உட்கார்ந்திருப்பவர் அப்படிச் செய்யமாட்டார் என்று தோன்றியது.

"குருவே" என்றாள் அக்கா. "ஒரு வருஷமா அவரு என்ன சொல்றார்னு நீங்கதான் எனக்குச் சொல்றீங்க. இன்னிக்கு நான் கேக்கலாமா?"

லூ பீடத்தைத் திரும்பிப் பார்த்தார். "கேளுங்க. தொடர்ந்து மூணு தடவை சரின்னு சொன்னா நானே எழுந்து போறேன்."

"மூணாவது சரி வராட்டி?"

"நீங்க வெளிய போயிடுங்க. தூரமாப் போயிடுங்க."

அக்கா முட்டி போட்டாள். மூட்டுவலிக்காரி, பீடத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். பிறைக்கட்டைகள் இரண்டையும் நெற்றிக்கு உயர்த்தினாள். பெயர், முகவரி, கணவர் பெயர், நோய் எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிச் சமையற்கூடத்துக் குரல் இல்லை அது. பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோல் சொன்னாள். கட்டைகளைக் கீழே விட்டாள்.

ஒன்று தட்டைப்பக்கம் மேலே, ஒன்று கீழே. சரி.

எடுத்தாள். மறுபடி விட்டாள். ஒன்று மேலே, ஒன்று கீழே. சரி.

என் பக்கத்தில் கூன் வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தார். லூவின் முகம் வெளுத்திருந்தது. லைட்டர் பிடித்த கட்டைவிரல் சக்கரத்தின் மேலேயே இருந்தது. சீறல் நிற்கவில்லை.

மூன்றாவது முறை கட்டைகள் தரையில் மோதி, ஒன்று சுழன்று சுழன்று நின்றது. இரண்டும் தட்டைப்பக்கத்தைத் தரையில் பதித்துக் கவிழ்ந்து கிடந்தன. மாட்டேன் என்று பொருள்.

அக்கா கட்டைகளை எடுத்தாள். இன்னொரு முறை போடப்போகிறாள் என்று நினைத்தேன். லூவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "திரும்பக் கேக்கக் கூடாது" என்றார். "வெளிய போங்க, வீட்டுக்காரம்மா. ஓடுங்க."

அக்கா கட்டைகளைப் பீடத்தில் ஜோடியாக வைத்தாள். கைகூப்பினாள். "மன்னிச்சுக்கங்க" என்றாள், லூவைப் பார்த்து அல்ல. பிறகு எழுந்து, பீடத்தில் வயிற்றை முட்டுக்கொடுத்து எக்கி, மூன்றாம் இளவரசரை இரண்டு கையாலும் தூக்கிவிட்டாள்.

சந்து முழுக்க ஒரு மூச்சு இழுத்தது எனக்குக் கேட்டது. சிலையின் பட்டு மேலங்கி விளக்குத் தண்டில் சிக்கிக்கொண்டது. அக்கா இழுத்தாள். மிட்டாய்த் தட்டு கவிழ்ந்து மிட்டாய்கள் தரையெங்கும் சிதறின. சாமியின் ஈட்டி வளைந்தது.

"அய்யோ, அப்படிப் பிடிக்காதீங்க!" லூ கத்தினார். "காலைப் பிடிங்க! சக்கரம் ஒடைஞ்சிடும்!"

"எனக்குப் பிடிக்கத் தெரியல. நீங்க வந்து வாங்கிக்கங்க."

"கீழ வைங்க அவரை!"

"எங்க வைக்கறது? கை நடுங்குது குருவே. விழுந்துட்டா எம்பேர்ல பழி சொல்லாதீங்க."

பொய் சொல்லவில்லை, கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. சிலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. லூ எழுந்தார். ஸ்டூல் பின்னால் விழுந்தது. அவர் வலது கையை நீட்டினார், அதில் லைட்டர் இருந்தது. இடது கையை நீட்டினார். அந்தச் சிலையை வாங்க இரண்டு கையும் வேண்டும், அவருடையதோ விரல் குறைந்த கை. லைட்டர் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த கணம் இளவரசர் லூவின் மார்பில் இருந்தார். லூ அவருடைய வளைந்த ஈட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் ஒருவர் பாய்ந்து வால்வைத் திருகி மூடினார், மற்றவர் லைட்டரைக் காலால் எற்றினார். லூ அதையெல்லாம் பார்த்தாரா என்றே தெரியவில்லை.

அக்கா அவர் தோளில் கைவைத்தாள். "வாங்க. மழையில நனையாமப் போகலாம்."

நான் கடைக் குடையை விரித்துக்கொண்டு ஓடினேன். சாமிக்குத்தான் பிடித்தேன். லூ நனைந்தார். போலீஸ்காரர்கள் இருபக்கமும் வந்தார்களே ஒழிய யாரும் அவர்மேல் கைவைக்கவில்லை, அவர் கையில் இருந்தவரைப் பார்த்து.

என் கடையில் உட்காரவைத்தோம், தலை கழுவும் நாற்காலியில். எதிரே சக்கர நாற்காலியில் யுங்-ஃபா அண்ணன். போலீஸ்காரர், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றார். லூ மடியில் சாமியை வைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தார்.

"அவரு எம்மேல வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப புதன்கிழமை, ஞாயித்துக்கிழமை பேசினதெல்லாம்?"

"நான்தான் பேசினேன். இந்த வீட்லதான் மொதல்ல வந்தாரு. இங்க இருந்தா என்னிக்காவது திரும்ப வருவார்னு... வேற இடம் போயிட்டா நான் வெறும் வலை இழுக்கறவன்தானே, வீட்டுக்காரம்மா."

"போன வருஷம் நவம்பர்ல மூணு தடவை மாட்டேன்னு சொன்னாரே?"

"நான் கேக்கவே இல்லை. சரின்னு சொல்லிடுவாரோன்னு பயமா இருந்துச்சு."

அக்கா மன்னித்துவிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அந்த இடத்தில் அழுகிற ஜென்மம் நான். அவள் யுங்-ஃபா அண்ணனைக் காட்டினாள்.

"இந்த மனுஷன் பதிமூணு மாசமா மேலேருந்து மழையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. மாசம் நாலு தடவை பயிற்சிக்குப் போகாம விட்டோம். அந்தக் கை இனிமே வராதுன்னு போன வாரம் டாக்டர் சொல்லிட்டாரு. உங்களுக்கு ஒரு பயம் இருந்தா எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம். சாமி தலையில போட்டீங்க பாருங்க."

லூ தலை நிமிரவில்லை. அக்கா சந்தைக் கடந்து போய், "கட்டிலை மொதல்ல எடுங்க, கூன்!" என்று பழைய குரலில் கத்தினாள்.

சாமியை மலைமேல் இருக்கிற ஒரு பெரிய கோயிலில் ஏற்றுக்கொண்டார்கள். போக்கிடம் இல்லாத சாமிகளுக்கென்று அங்கே ஒரு பக்க மாடம் உண்டு. லூமேல் வழக்குப் போட்டார்கள். அக்கா சாட்சி சொல்லப் போனாள். எரிவாயுவைத் திறந்ததையும் சொன்னாள், அண்ணனை முதுகில் சுமந்து ஏறியதையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, கூட்டவுமில்லை. சிறைத்தண்டனையை நிறுத்திவைத்துத் தீர்ப்பானது. லூ அந்தக் கோயிலிலேயே தங்கி முற்றம் பெருக்கினார். சாமி மறுபடி அவர்மேல் வந்ததா என்று எனக்குத் தெரியாது. வந்ததாகச் சிலர் சொன்னார்கள்.

கீழ்வீட்டின் கூரையில் புகைக்கறை போக மூன்று கை வெள்ளை அடித்தார்கள். ஜனவரியில் அண்ணனும் அக்காவும் இறங்கி வந்தார்கள். கை வரவில்லை. ஆனால் கால் கொஞ்சம் வந்தது. ஊன்றுகோலோடு என் கடைவரை வருவார், இருபது அடி தூரம், கால் மணி நேரம் ஆகும். போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திப் பேசுவார். மாதக்கணக்கில் ஆட்கள் அந்தக் கதவைத் தட்டிக் குறி கேட்டார்கள். கோயிலுக்கு எந்த பஸ் என்று அண்ணன்தான் வழி சொல்லுவார்.

மூன்று வருடம் இருந்தார். போன மார்ச்சில் பக்கவாதம் இரண்டாவது முறை வந்ததில் போய்விட்டார். காய்கறிக்காரி சாங் மறுபடி ஏதோ சொன்னாள் என்று கேள்வி. அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "மூணாவது தடவை ஏன் அப்படி விழுந்துச்சு, அ-யிங்?"

துக்கம் விசாரிக்க லூ வந்தார். வீட்டுக்கு வரவில்லை. சந்து முனையிலேயே நின்றார். அரை மணி நேரம் கழித்துத்தான் யாரோ பார்த்துச் சொன்னார்கள். அக்கா வெளியே போனாள்.

"உள்ள வாங்க, குருவே."

"வேணாம். அந்தப் படியை என்னால மிதிக்க முடியாது."

அக்கா வற்புறுத்தவில்லை. உள்ளே வந்து ஒரு ஊதுபத்தியை ஏற்றி எடுத்துக்கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள். அவர் அங்கிருந்தே வீட்டைப் பார்த்து மூன்று முறை குனிந்தார். ஊதுபத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அக்கா அதைக் கொண்டுவந்து மற்றவற்றோடு அண்ணனின் படத்துக்கு முன்னால் குத்திவைத்துவிட்டு, வந்திருந்தவர்களுக்கு டீ ஊற்றப் போனாள்.